சாட்சிக்கு மட்டும் அழைக்கப்படும் அறிவியல்

ரமலான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை நோன்பு திறந்த கையோடு மொட்டை மாடிக்கு ஏறிப் பிறை பார்ப்பது, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் எங்கள் வீட்டுப் பழக்கம். மேகம் இருந்தால் பிறை தெரியாது. மேகம் இல்லாத பல ஆண்டுகளிலும் தெரிந்ததில்லை. பிறகு தொலைபேசிகள் பேசத் தொடங்கும். சவூதியில் பார்த்துவிட்டார்கள், நாளை பெருநாள் என்பார் ஒருவர். கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை, கணக்கின்படி மாதம் முடிந்தது என்று அட்டவணையைக் காட்டுவார் இன்னொருவர். தலைமைக் காஜியின் அறிவிப்பு வரட்டும் என்று பள்ளிவாசலில் காத்திருப்பார்கள் மற்றவர்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒரே தெருவில் ஒரு வீட்டில் பெருநாள் சமையலுக்கு வெங்காயம் உரிப்பார்கள். எதிர்வீட்டில் ஸஹருக்கு அலாரம் வைத்துப் படுப்பார்கள்.

இதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. பெருநாளன்று நோன்பு வைப்பது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. தக்க காரணமின்றி ரமலான் நோன்பை விடுவது பாவம். அந்தத் தெருவில் இருசாராரில் ஒருவர் தாம் அறியாமலேயே தவறிய பக்கத்தில் நிற்கிறார். என் அத்தா தம் கடைசி ஆண்டுகளில் ஒவ்வொரு பெருநாள் இரவும் என்னிடம் ஒன்றையே கேட்டார்: "நாளைக்கு நான் சாப்பிடலாமா, கூடாதா?" உறுதியாக ஒரு பதிலை நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

இதே மக்களிடையேதான் வேறொரு வகை இலக்கியமும் செழித்து வளர்ந்திருக்கிறது. அட்டையில் விண்மீன் மண்டலம் அச்சிட்ட சிறுநூல்கள், சொற்பொழிவுக் குறுந்தகடுகள், இப்போது கைப்பேசியில் வந்து விழும் காணொளிகள். இன்றைய அறிவியல் நேற்றுக் கண்டுபிடித்ததை எல்லாம் குர்ஆன் 1400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது என்பதே இவை அனைத்தின் சாரம். பேரண்ட வெடிப்பு, கருவளர்ச்சி, மலைகளின் வேர்கள், இரும்பின் பிறப்பு, பிர்அவ்னின் உடல் என்று பட்டியல் நீளும். இவற்றை நம்மிடம் நீட்டுபவர்களில் பலர், பிறையைக் கணக்கிடலாமே என்று கேட்டால் முகம் சுளிப்பவர்கள். பிர்அவ்ன் என்றால் அறிவியல் வேண்டும். பிறை என்றால் அறிவியல் கூடாது. இந்த முரணைப் பற்றியே இக்கட்டுரை.

இரும்பிலிருந்து தொடங்குகிறேன். குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்தின் பெயர் இரும்பு. அதன் 25ஆவது வசனம் இரும்பு இறக்கப்பட்டதாகச் சொல்கிறது. இரும்பு விண்மீன்களின் வயிற்றில் உருவாகிப் பூமிக்கு வந்தது என்ற வானியற்பியல் உண்மையை இது முன்கூட்டி அறிவிப்பதாக வாதிடுகிறார்கள். நல்லது. அதே வினைச்சொல்லை 39ஆவது அத்தியாயத்தின் 6ஆவது வசனம் கால்நடைகளுக்கும், 7ஆவது அத்தியாயத்தின் 26ஆவது வசனம் ஆடைக்கும் பயன்படுத்துகிறது. ஆடும் மாடும் விண்மீனிலிருந்து விழுந்தன என்று எவரும் எழுதக் காணோம். அருளப்பட்டது, வழங்கப்பட்டது என்ற பொருளில் மொழி இயல்பாகக் கையாளும் சொல் அது. அச்சொல்லை இரும்புக்கு மட்டும் நேர்ப்பொருளிலும் ஆட்டுக்கு உருவகமாகவும் படிப்பவர், வசனத்தை விளக்கவில்லை. தாம் முன்பே எடுத்த முடிவுக்கு ஏற்ப அதை வளைக்கிறார். தவிரவும், விண்மீன்களில் உருவானது இரும்பு மட்டுமா? நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனும் எலும்பிலுள்ள கால்சியமும் அங்கிருந்து வந்தவையே.

அடுத்து எண் விளையாட்டு. அத்தியாயத்தின் எண் 57, இரும்புக்கு 57 என்ற ஐசோடோப்பு உண்டு, ஆகவே அற்புதம் என்கிறார்கள். இரும்புக்கு நிலையான ஐசோடோப்புகள் நான்கு: 54, 56, 57, 58. இயற்கையில் கிடைக்கும் இரும்பில் ஏறத்தாழ 92 விழுக்காடு 56தான்; 57 இருப்பது 2 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அத்தியாயம் 56ஆக இருந்திருந்தால் அதையும் அற்புதம் என்றிருப்பார்கள், இன்னும் உரத்த குரலில். எந்த விடை வந்தாலும் வெற்றி என்று அறிவிக்கும் தேர்வைத் தேர்வு என்று அழைக்க முடியாது.

பிர்அவ்ன் கதை இதைவிடப் பரவலானது. கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் பதனுடலின் படத்தைப் போட்டு, 1898இல் கடலில் கண்டெடுக்கப்பட்டது, உடலில் கடலுப்பு இருந்தது, பிற்காலத்தவருக்கு அத்தாட்சியாக அவ்வுடல் காக்கப்படும் என்ற வசனம் மெய்ப்பட்டது என்று எழுதுகிறார்கள். சில நூல்களில் அவன் இரண்டாம் ராம்சேஸ். சிலவற்றில் ராம்சேஸின் மகன் மெர்னெப்தா. உண்மை என்ன? ராம்சேஸின் உடல் 1881இல் தெய்ர் எல் பஹ்ரியின் மலைக் குடைவு ஒன்றில், பல மன்னர்களின் உடல்களோடு வெளிவந்தது. மெர்னெப்தாவின் உடலை 1898இல் விக்டர் லோரே என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் மன்னர் பள்ளத்தாக்கில், இரண்டாம் அமென்ஹோதெப்பின் கல்லறையில் கண்டெடுத்தார். இரண்டும் பாலைவனப் பாறைக்குள் இருந்தவை. கடலிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. உப்பா? எகிப்தியர் எல்லா உடல்களையும் நாட்ரான் என்ற இயற்கை உப்புக் கலவையில் கிடத்தி உலர்த்தியே பதப்படுத்தினார்கள். உப்பு இல்லாத பதனுடல் கிடைத்தால்தான் வியக்க வேண்டும். குர்ஆனோ அந்தப் பிர்அவ்ன் எந்த மன்னன் என்று பெயர் சொல்வதே இல்லை. அது சொல்லாமல் விட்ட இடத்தை நாம் ஏன் பொய்யால் நிரப்ப வேண்டும்?

இந்த வாத முறைக்கு மேற்கத்திய முத்திரை கிடைத்தது 1976இல் வெளியான மொரீஸ் புக்காய் என்ற பிரெஞ்சு மருத்துவரின் நூலால். பைபிள், குர்ஆன், அறிவியல் மூன்றையும் ஒப்பிட்ட அந்நூல் பல மொழிகளுக்குச் சென்றது. ஒரு வெள்ளைக்காரர் சொல்லிவிட்டார் என்பதில் நமக்கிருந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தால் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. வேதம் தன் உண்மைக்கு ஐரோப்பிய மருத்துவரின் சான்றிதழைக் கேட்டு நின்றதாக எனக்குத் தெரியவில்லை. கேட்டு நின்றவர்கள் நாம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது, நம்பிக்கை வளர்ந்தால் நல்லதுதானே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு என் அக்கா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் சேர்ந்த ஆண்டு பிர்அவ்ன் படத்தையும் இரும்புக் கணக்கையும் வகுப்புத் தோழர்களிடம் காட்டி வாதாடியவன் அவன். இரண்டாம் ஆண்டில் எவரோ ஒருவர் லோரேயின் அகழாய்வுச் செய்தியை அவனுக்கு அனுப்பிவைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் அறைக்கு வந்து உட்கார்ந்தான். "மாமா, இது பொய்ன்னா மத்ததும் பொய்தானே?" என்றான். அவன் குரலில் திமிர் இல்லை. ஏமாற்றப்பட்டவனின் வலி இருந்தது. அவனுக்கு ஈமானைக் கொடுத்தவர்கள் அதை ஒரு புகைப்படத்தின் மேல் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புகைப்படம் சரிந்தபோது அதுவும் சரிந்தது. வேதத்தைப் பொய்ப்பித்தது அறிவியல் அன்று. பொய்யான அறிவியலை வேதத்துக்கு முட்டுக் கொடுத்தவர்களே அதைச் செய்தார்கள்.

இந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பதிவான உதாரணம் ஒன்று இருக்கிறது. எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த உயிர்வேதியியலாளர் ரஷாத் கலீஃபா, கணினியின் துணையோடு குர்ஆனின் எழுத்துகளை எண்ணி, அதன் கட்டமைப்பு முழுவதும் 19 என்ற எண்ணில் அமைந்திருப்பதாக 1974இல் அறிவித்தார். முஸ்லிம் உலகம் கொண்டாடியது. புகழ்பெற்ற பேச்சாளரான அகமது தீதாத்தே அதை மெச்சி ஒரு நூல் எழுதிப் பரப்பினார். பின்னர் என்ன நடந்தது? ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு வசனங்கள் கணக்குக்கு இடைஞ்சலாயின. கணக்கு தவறு என்று கலீஃபா சொல்லவில்லை. அவ்விரு வசனங்களும் குர்ஆனைச் சேர்ந்தவையே அல்ல என்று அறிவித்தார். தாம் ஓர் இறைத்தூதர் என்றும் சொல்லிக்கொண்டார். 1990 ஜனவரியில் அமெரிக்காவின் டூசான் நகரில் அவர் தொழுகை நடத்திய பள்ளியிலேயே கொலை செய்யப்பட்டார். அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அவருடைய தர்க்கம் நமக்குப் பாடம். வேதத்தைத் தராசில் வைத்தவர்கள் ஒருநாள் தராசுக்கேற்ப வேதத்தை நறுக்குவார்கள்.

அறிவியல் அற்புதத்தை மறுப்பது நம்பிக்கைக் குறைவு என்று என்மேல் சிலர் பாயக்கூடும். அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அவர்களின் குழந்தை இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. வானியலாளர் அதைக் கி.பி. 632 ஜனவரி 27 என்று கணிக்கிறார்கள். தூதரின் மகன் மறைந்ததால் சூரியன் இருண்டது என்று மதீனாவின் மக்கள் பேசினார்கள். மகனைப் பறிகொடுத்த தந்தை, தம் தூதுத்துவத்துக்கு வானமே சாட்சி சொல்வதாக ஊர் நம்பும் தருணம். பேசாமல் இருந்திருந்தாலே போதும். பெருமானார் அவ்வாறு இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை, அவை இறைவனின் சான்றுகள் என்று மக்களுக்கு எடுத்துரைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. தட்டில் வைத்து நீட்டப்பட்ட அற்புதத்தைத் துயரத்தின் நடுவிலும் விலக்கிய ஒருவரின் சமுதாயம், இல்லாத அற்புதங்களை அச்சடித்து வினியோகிக்கிறது.

அறிஞர்களும் இவ்வழியே சென்றார்கள். தத்துவவாதிகளோடு கடுமையாக மோதிய இமாம் கஸ்ஸாலி, அதே நூலின் முன்னுரையில் கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்று எச்சரிக்கிறார். கணக்கு ஐயத்துக்கு இடமில்லாதது. அதை மறுத்தால், அறிந்தவன் ஐயுறுவது கணக்கை அன்று, மார்க்கத்தையே என்பது அவர் வாதம். பதினான்காம் நூற்றாண்டில் கிரனாடாவில் வாழ்ந்த ஷாதிபி, எல்லாக் கலைகளையும் குர்ஆனுக்குள் தேடும் வழக்கத்தைக் கண்டித்தார். முதன்முதல் கேட்ட அரபு மக்களுக்கு விளங்கிய எல்லைக்குள் நின்று வேதத்தைப் படிக்க வேண்டும் என்றார். நம் சிறுநூல்களுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட மறுப்பு அது.

இதை முஸ்லிம்களின் நோய் என்று மட்டும் வாசிப்பவர்கள் பொறுமை கொள்ள வேண்டும். மும்பையில் 2015 ஜனவரியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் வேதகால விமானங்களைப் பற்றிக் கட்டுரை வாசிக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் வைமானிக சாஸ்திரத்தை 1974இலேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்து, நூல் இருபதாம் நூற்றாண்டில் உருவானது, அதிலுள்ள விமானங்கள் பறக்கத் தகாதவை என்று எழுதிவிட்டார்கள். தோற்றுப்போன உணர்வு கொண்ட சமூகங்கள் எல்லாமே முன்னோரின் பெட்டியில் பிறர் கண்டுபிடிப்புகளைத் தேடுகின்றன. அண்டை வீட்டாருக்கும் இதே காய்ச்சல் என்பதால் நம் காய்ச்சல் நலமாகிவிடாது.

இனிப் பிறைக்கு வருகிறேன். எங்கள் பள்ளிவாசலின் சுவரில் தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. ஆண்டு முழுவதற்கும் ஐந்து வேளைக்கும் நிமிடக் கணக்கில் அச்சிட்டது. சூரியனின் சாய்வையும் ஊரின் அட்சரேகையையும் கொண்டு வானியல் கணக்கால் தயாரித்தது. மூலநூல்களின்படி லுஹரும் அஸரும் நிழலைப் பார்த்து அறிய வேண்டியவை; ஸஹரின் முடிவு கீழ்வானில் வெளுப்பைப் பார்த்து அறிய வேண்டியது. இன்று எந்த மோதினாரும் குச்சி நட்டு நிழல் அளப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பாங்கு சொல்கிறார். நாம் அதைக் கேட்டு நோன்பு பிடிக்கிறோம், திறக்கிறோம். சூரியனுக்குக் கணக்கு ஹலால், சந்திரனுக்கு மட்டும் ஹராம் என்பதற்கு என்ன அடிப்படை?

பிறையைப் பார்த்து நோன்பு வையுங்கள், பார்த்து விடுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழியே அடிப்படை என்பார்கள். அந்த வாதத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். எழுதவும் கணக்கிடவும் அறியாத சமுதாயம் நாம் என்று காரணத்தைச் சொல்லும் இன்னொரு நபிமொழியும் இருக்கிறது. காரணம் நீங்கினால் விதி மாறுமா என்பதில் அறிஞர்கள் மாறுபட்டிருக்கிறார்கள். எகிப்தின் ஹதீஸ் அறிஞர் அகமது முகம்மது ஷாகிர், இன்று சமுதாயம் கணக்கறிந்தது, ஆகவே கணக்கையே கொள்ள வேண்டும் என்று 1939இல் எழுதினார். வட அமெரிக்க ஃபிக்ஹ் அவை 2006இல் அம்முடிவுக்கு வந்தது. துருக்கி நெடுங்காலமாகக் கணக்கின்படி நடக்கிறது. மறுபுறம், பிறை பார்ப்பது ஊர் கூடிச் செய்யும் ஒரு வணக்கம், அதை அட்டவணையிடம் ஒப்படைக்கக் கூடாது என்று ஓர் ஆலிம் சொன்னால் அவர்முன் நான் மரியாதையோடு அமர்ந்து கேட்பேன். அவர் அறிவியலிடம் எதையும் கடன் வாங்கவில்லை. ஆகவே அதற்குக் கடன்படவும் இல்லை. என் சண்டை அவரோடு இல்லை. வெள்ளிக்கிழமை வானியற்பியலைப் புகழ்ந்துவிட்டுப் பெருநாள் இரவில் வானியலைத் துரத்துபவரோடுதான்.

நடுவழி ஒன்று பழைய நூல்களிலேயே இருக்கிறது. 1355இல் மறைந்த ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் தகியுத்தீன் சுப்கி, பிறை தெரியவே முடியாது என்று கணக்கு காட்டும் இரவில் ஒருவர் பார்த்ததாகச் சாட்சி சொன்னால் அச்சாட்சியத்தைத் தள்ள வேண்டும் என்றார். கண் தவறும், உறுதியான கணக்கு தவறாது. சூரியனுக்கு முன்பே சந்திரன் மறைந்துவிட்ட மாலையில் எவர் சத்தியம் செய்தாலும் அவர் பார்த்தது பிறை அன்று. சூரியனுக்கும் நிலவுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைந்தால் பிறைக்கீற்றே உருவாவதில்லை என்று பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் 1930களில் காட்டினார். கண்ணால் பார்ப்பதை விடாமலேயே, நடக்க இயலாத சாட்சியங்களை மட்டும் கணக்கைக் கொண்டு நீக்கினால் நம் சச்சரவின் பெரும்பகுதி தீரும். மக்காவில் சூரியன் மறைவது நம் ஊருக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் பின்னர். அதற்குள் நிலவு சூரியனிடமிருந்து ஒரு பாகைக்கு மேல் விலகியிருக்கும். ஆகவே அங்கே தெரிந்த பிறை இங்கே தெரியாதிருப்பது இயல்பு. இதை ஒருமுறை பயானில் விளக்கினால் தெருவில் பாதிப் பேருக்குப் பகை தணியும். விளக்குவோர் இல்லை.

பள்ளிவாசலுக்குக் கணக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் பணியில் இருந்தவர் 1375இல் மறைந்த இப்னு ஷாதிர். சந்திரனின் இயக்கத்துக்கு அவர் வகுத்த கணித அமைப்பும் பின்னாளில் கோப்பர்நிக்கஸ் வகுத்ததும் ஒன்றே என்பது 1957இல் தெரியவந்தது. அவர் அதை எந்த வசனத்திலிருந்தும் பிழிந்தெடுக்கவில்லை. தாலமியின் கணக்கு கண்ட உண்மையோடு பொருந்தவில்லை என்று கண்டு, அமர்ந்து கணக்கிட்டார்.

நமக்கு அருகிலேயும் அத்தகைய ஒருவர் உண்டு. மினிக்காய்த் தீவில் 1938இல் பிறந்து, மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, இராமநாதபுரம் மாவட்டத்து வேதாளையில் நெடுங்காலம் வாழ்ந்த அலி மணிக்ஃபான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பல மொழிகளும் வானியலும் தாமே கற்றவர். ஒரு மீன் இனத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. டிம் செவரினின் சிந்துபாத் பயணத்துக்காக ஆணியின்றிக் கயிற்றால் தைத்த சோஹார் என்ற கப்பலை ஓமானில் கட்டுவித்தவர். அது 1981இல் சீனத்தை அடைந்தது. உலகம் முழுமைக்கும் ஒரே ஹிஜ்ரி நாட்காட்டி வேண்டும் என்று கணக்கோடு வாதாடினார். 2021இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. அவருடைய நாட்காட்டியில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு; அமாவாசைக் கணத்தையே மாதத்தின் எல்லையாகக் கொள்வதும், பிறை கண்ணுக்குத் தெரிவதும் வெவ்வேறு. ஆனால் அவர் சொன்னது ஒரு கணக்கு. அதைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம். நம்மவரில் பலர் கணக்கைத் திறந்துகூடப் பாராமல் மனிதரை மறுத்தார்கள்.

இணக்கம் என்ற சொல்லை நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். அறிவியல் நம்மைப் பாராட்டும் இடத்தில் கைகுலுக்குவது இணக்கம் ஆகாது. நம் பழக்கத்தில் ஒன்றைத் திருத்தும்படி அது கேட்கும் இடத்தில் நின்று யோசிப்பதே இணக்கம். சாட்சியாக மட்டும் அழைத்து, எதிராகப் பேசினால் வெளியே அனுப்பும் வழக்காடலில் நீதி இல்லை.

எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத்தில் காரைக்குடி. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, கடற்காற்றில் அதை எப்படிக் காப்பது என்பது அங்கே பல பத்தாண்டுகளாக ஆராயப்படும் கேள்வி. இரும்பில் மனிதர்க்குப் பயன்கள் உண்டு என்றும் சொல்கிறது அந்த 57ஆவது அத்தியாயத்து வசனம். அந்தப் பயன்களைத் தேடுபவர்கள் அந்த வளாகத்துக்குள் இருக்கிறார்கள். செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து வழிநடத்திய ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்தது. அந்தக் கலத்தை அங்கே கொண்டு சேர்த்ததும் கணக்குதான்.

அக்கா மகனுக்கு அன்று நான் சொன்ன பதில் இதுவே: புகைப்படம் பொய். அதைச் சொல்ல நீ அஞ்ச வேண்டியதில்லை, கிரகணத்தன்று சொல்லப்பட்டதும் அதுபோன்ற உண்மைதான். அவன் ஏற்றுக்கொண்டானா என்று தெரியாது. அடுத்த ரமலானின் இருபத்தொன்பதாம் நாள் மாலை என்னோடு மாடிக்கு வந்தான். நிலவு எப்போது மறையும், எத்தனை பாகை உயரத்தில் நிற்கும் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தான். தாளைப் பார்த்துவிட்டு மேற்கே பார்த்தோம். மேகம் இருந்தது.